எந்தத் தோலை வைத்து அளந்தார்கள்?

போன மாசியில் என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். வழவழப்பான தாளில் அச்சடித்த விலைப்பட்டியல். மேலே நகை பூட்டிய மணப்பெண்ணின் முகம். கீழே ஐந்து வரிகள்: ஃபிராக்ஷனல் சி.ஓ.டூ., எர்பியம் யாக், கியூ-ஸ்விட்ச் என்.டி. யாக், பிக்கோ, ஐ.பி.எல். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் அமர்வுக்கு இவ்வளவு, ஆறு அமர்வுக்கு இவ்வளவு என்று தொகை. படத்தின் கீழே எழுதியிருந்தாள்: "மேம், கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருக்கு. இதுல எதை எடுத்துக்கறது?"

தமிழ் கற்பிக்கிறவளிடம் இந்தக் கேள்வி வருவதற்குக் காரணம் உண்டு. மூன்று வருடம் முன்வரிசை பெஞ்சிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் படித்தவள் அவள். அந்த முகத்தில் மங்கு இருந்தது. இடையில் ஒரு வருடம் அது மோசமானதையும் பார்த்தாள். (மங்கு என்ற சொல்லோடு இரண்டாம் வேற்றுமை உருபைச் சேர்த்தால் 'மங்கை' என்று ஆகிவிடுகிறது. எங்கள் வகுப்பில் ஒரு பெண் இதைக் கண்டுபிடித்துச் சொல்லி எல்லோரும் சிரித்தோம்.)

இரண்டாவது மகள் வயிற்றில் இருந்தபோது வந்தது அது. "புள்ளத்தாச்சிக்கு வர்ற மங்குதான், தானா போயிரும்" என்றாள் அம்மா. போகவில்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டியூபை ஒன்றரை வருடம் பூசினேன். பூசும்வரை வெளுத்தது, நிறுத்தியதும் முன்பைவிட அடர்ந்து வந்தது. அதன் பிறகு ஓர் அழகு சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கப் படிவம், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அவர்கள் சொன்னது ஃபிராக்ஷனல் சி.ஓ.டூ. மூன்றாவது வாரத்தில், கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல, கன்னத்தில் வரிசை வரிசையாகக் கரும்புள்ளிகள் எழுந்தன. திரும்பப் போய்க் கேட்டேன். "உங்க ஸ்கின் கொஞ்சம் சென்சிடிவ் மேடம்" என்றார்கள். அதாவது, தப்பு என் தோலுடையது.

புள்ளிகள் மங்கப் பதினோரு மாதம் ஆயிற்று. அந்தப் பதினோரு மாதத்தில்தான் இந்த இயந்திரங்களின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். மாணவிக்கு ஒரே வரியில் பதில் எழுத முடியாமல் போனதும் அதனால்தான்.

பெண்ணின் முகத்தின்மேல் ஒளியைப் பாய்ச்சுவது லேசரோடு தொடங்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கோபன்ஹேகனில் நீல்ஸ் ஃபின்சென் என்ற மருத்துவர், முகத்தைத் தின்னும் தோல் காசநோய்க்கு அடர்ந்த ஒளியைக் கொண்டு சிகிச்சை செய்தார். நோயாளிகள் படுத்திருக்க, குளிர்ந்த நீர் ஓடும் ஒரு படிகக்கல் வில்லையைச் செவிலியர்கள் கன்னத்தில் அழுத்திப் பிடித்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். 1903இல் ஃபின்செனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அது நோய்க்கான வைத்தியம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நோயில்லாத முகத்துக்கு வந்தது எக்ஸ் கதிர். ரோன்ட்ஜென் அதைக் கண்டுபிடித்த மறு வருடமே, 1896இல், வியன்னாவில் லியோபோல்ட் ஃபிராய்ண்ட் என்பவர் ஒரு சிறுமியின் முதுகில் படர்ந்திருந்த ரோம மச்சத்தை எக்ஸ் கதிரால் நீக்கினார். முடி உதிர்ந்தது, பிறகு அந்த இடம் புண்ணாயிற்று. முடி உதிர்ந்த செய்தி மட்டும் வேகமாகப் பரவியது. 1920களில் அமெரிக்காவில் ஆல்பர்ட் கைசர் என்ற மருத்துவர் 'டிரைக்கோ' என்ற பெயரில் ஓர் இயந்திரத்தை உருவாக்கி, ஊர் ஊராக அழகு நிலையங்களுக்குக் கொடுத்தார். பெண்கள் அதன் முன்னால் உட்கார்ந்து, மேலுதட்டையும் தாடையையும் காட்டினார்கள். வலி இல்லை, தழும்பு இல்லை, நிரந்தரம் என்பது விளம்பரம். வலி இல்லை என்பது உண்மைதான். எக்ஸ் கதிர் சுடாது. சில வருடங்கள் கழித்துத் தோல் சுருங்கியது, புள்ளி விழுந்தது, ஆறாப் புண் வந்தது, பலருக்குப் புற்றுநோய் வந்தது. 1930ஐ ஒட்டி அந்த நிறுவனம் மூடப்பட்டது. ஆனாலும் வேறு பெயர்களில், பின்வாசல் அறைகளில், இந்த வியாபாரம் மேலும் பல ஆண்டுகள் நடந்தது.

வரலாற்றாய்வாளர் ரெபெக்கா ஹெர்ஸிக் இந்தப் பெண்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவர்களை ஏமாந்தவர்கள் என்று ஒதுக்கிவிடாமல், மீசை அரும்பிய பெண்ணுக்கு வேலையும் திருமணமும் எப்படிச் சிக்கலாயின என்பதை அவர் பார்க்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஏழு வாரத்தில் கல்யாணம் இருக்கிறவளிடம் "அழகு என்பது கட்டமைப்பு" என்று பேசுவது எனக்குச் சுலபம். எனக்குச் சம்பளம் வருகிறது; மாப்பிள்ளை வீடு வந்து என்னைப் பார்த்துப் போய் இருபது வருடம் ஆகிவிட்டது.

இனி லேசர். 1960 மே 16 அன்று கலிஃபோர்னியாவின் மாலிபுவில், ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில், தியோடர் மைமன் ஒரு செயற்கை மாணிக்கக் கல்லிலிருந்து சிவப்பு ஒளிக்கற்றையை வரவழைத்தார். அதன் அலைநீளம் 694 நானோமீட்டர். சில ஆண்டுகளுக்குள் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மேன் அதை மனிதத் தோலில் பாய்ச்சிப் பார்த்தார். அவர் கவனித்த முதல் விஷயங்களில் ஒன்று: ஒளி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சுடவில்லை. கறுப்பு முடி, மச்சம் போன்ற அடர்ந்த இடங்களையே தேடிச் சுட்டது. வெயிலில் வெள்ளை வேட்டியும் கறுப்புக் குடையும் ஒரே மாதிரி சூடாவதில்லை அல்லவா, அதுபோல. மெலனின் என்ற நிறமி ஒளியை உறிஞ்சுகிறது. வெள்ளைத் தோலில் ஒரு கறுப்பு மச்சம் இருந்தால் ஒளி மச்சத்தை மட்டும் பிடிக்கும். தோல் முழுவதுமே பழுப்பாக இருந்தால்? அது மச்சத்தையும் பிடிக்கும், சுற்றியுள்ள கன்னத்தையும் பிடிக்கும். லேசர் மருத்துவத்தின் முதல் பக்கத்திலேயே இந்த விஷயம் எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அதை யாருடைய பிரச்சினையாக எடுத்துக்கொள்வது என்பது நீண்ட காலம் முடிவாகவில்லை.

1964இல் நியூஜெர்சியின் பெல் ஆய்வுக்கூடத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். அவருக்கு அழகு சிகிச்சையோடு எந்தத் தொடர்பும் இல்லை. வாயு மூலக்கூறுகளின் அதிர்வில் ஆர்வம் கொண்ட இயற்பியலாளர் அவர். பழுப்புத் தோல் மிகவும் யோசித்துத் தொட வேண்டிய லேசரை ஒரு பழுப்புத் தோல்காரர் கண்டுபிடித்தார் என்பது எனக்கு ஏனோ மறக்க முடியாத தகவல். அதே காலத்தில் அதே பெல் கூடத்தில்தான் என்.டி. யாக் லேசரும் பிறந்தது. அதன் அலைநீளம் 1064. பட்டியலின் மூன்றாவது வரி அதுதான்.

அடுத்த இருபது வருடம் ஏறக்குறைய தடவிப் பார்த்துக் கற்ற காலம். முகத்தில் சிவந்த பிறவித் தழும்போடு பிறந்த குழந்தைகளுக்கு ஆர்கான் லேசர் பயன்படுத்தினார்கள். சிவப்பு குறைந்தது, அந்த இடத்தில் வேறொரு தழும்பு வந்தது. இதற்கு விடை தேடித்தான் பாஸ்டனில் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் 1983இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். இன்று பட்டியலில் உள்ள நிறமி லேசர்கள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. சமையலறையில் நிற்கிறவர்களுக்கு அது சுலபமாகப் புரியும். காய்ந்த தோசைக்கல்லில் விரல் பட்டதும் வெடுக்கென்று எடுத்தால் மேல்தோல் மட்டும் சுடும். ஒரு நொடி தாமதித்தால் சூடு உள்ளே இறங்கிக் கொப்புளம் வரும். ஒவ்வொரு பொருளுக்கும் சூடு அதிலிருந்து வெளியே கசிய ஒரு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைவிடக் குறைந்த நேரத்துக்கு ஒளியைப் பாய்ச்சினால், பிடிபட்ட பொருள் மட்டும் வேகும், பக்கத்தில் உள்ளது தப்பிக்கும். எந்த அலைநீளம், எவ்வளவு நேரம், எவ்வளவு சக்தி: இந்த மூன்றும்தான் ஒரு லேசர். கியூ-ஸ்விட்ச் என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோநொடிக் கணக்கில் துடிப்பது; பிக்கோ அதைவிடவும் குறுகியது. 2012இல் அமெரிக்காவில் பிக்கோவுக்கு அனுமதி கிடைத்தது பச்சை குத்தியதை அழிக்க.

இந்த எண்களில் எது பாதுகாப்பானது என்பதை ஒரு தோலை வைத்துத்தான் அளக்க வேண்டும். அந்தத் தோல் யாருடையது?

1975ஆம் வருடத்துக்கு வருகிறேன். ஐக்கிய நாடுகள் சபை அதைச் சர்வதேச மகளிர் ஆண்டாக அறிவித்திருந்தது. அதே வருடம் ஹார்வர்டைச் சேர்ந்த தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் தோலை வகை பிரிக்கும் ஒரு முறையை வகுத்தார். சோரியாசிஸ் நோயாளிகளுக்கு மாத்திரை கொடுத்துப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சும் சிகிச்சையில் யாருக்கு எவ்வளவு கதிர் என்று தீர்மானிக்க அது தேவைப்பட்டது. வெயிலில் நின்றால் உனக்குத் தோல் எரியுமா, கறுக்குமா என்று கேட்டு எண் கொடுப்பது. முதலில் அது வெள்ளைத் தோலுக்கு மட்டும். வெள்ளையில் எத்தனை நுணுக்கம் உண்டோ அத்தனைக்கும் எண் கிடைத்தது. உலகின் பழுப்பும் கருமையும் பின்னால் 5 என்றும் 6 என்றும் ஒட்டுத்திண்ணைபோல் சேர்க்கப்பட்டன. இன்றும் லேசர் இயந்திரத்தில் இந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் 4, 5. கன்னியாகுமரியிலிருந்து கிருஷ்ணகிரிவரை வெயிலில் நின்று எத்தனை நிறங்கள் பார்க்கிறோம்! அவ்வளவையும் இரண்டு, மூன்று எண்களுக்குள் அடைக்க வேண்டும்.

அதே 1975இல்தான் இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி கடைக்கு வந்தது. அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' போக 2020வரை ஆயிற்று. அதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நான் சொல்ல வருவது அவ்வளவாகப் பேசப்படாத மூன்றாவது நிகழ்ச்சி. அந்த வருடமே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன், ஐசக் வில்லிஸ் என்பவரோடு சேர்ந்து தோலை வெளுக்கச் செய்யும் ஒரு கலவையை வெளியிட்டார்: ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு. கறுப்பின ஆண்களின் நோயற்ற தோலை வெளுக்கச் செய்து அதன் வலிமையைக் காட்டியிருந்தார்கள். மங்குக்கும் பயன்படும் என்றார்கள். இந்தக் கிளிக்மன்தான் ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகளின் உடலில் பரிசோதனைகள் நடத்தியவர். அந்தக் கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அந்த நகர நிர்வாகம் 2022இல்தான் மன்னிப்புக் கேட்டது.

நான் ஒன்றரை வருடம் பூசிய டியூபை எடுத்துப் பின்பக்கம் படித்தேன். மூன்று பெயர்கள் இருந்தன. ஸ்டீராய்டின் பெயர் மட்டும் வேறு. குடும்பம் அதே குடும்பம். இதை மருத்துவர் பார்த்துச் சில வாரங்களுக்குக் கொடுத்தால் மருந்து. மருந்துக்கடையில் முகப்பவுடர்போல் வாங்கிப் பூசினால் தோல் மெலியும், நரம்பு தெரியும், நிறுத்தினால் எரியும். பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் ஆணையிட்டது. எங்கள் தெருமுனைக் கடையில் இன்றும் கேட்டால் கிடைக்கிறது. மெலிந்துபோன அந்தத் தோலோடு போய்த்தான் நான் லேசர் படுக்கையில் படுத்தேன். முகத்தில் இதுவரை என்ன பூசினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

'ரிஜுவனேஷன்' என்ற சொல்லுக்கும் ஓர் இடமும் காலமும் உண்டு. 1990களின் நடுவில் அமெரிக்காவில் கார்பன் டை ஆக்சைடு லேசரை மிகக் குறுகிய துடிப்புகளாகப் பாய்ச்சி முகத்தின் மேல்தோலை முழுதாகச் சீவி எடுக்கத் தொடங்கினார்கள். அதன் அலைநீளம் 10,600 நானோமீட்டர். அதை உறிஞ்சுவது நிறமி அல்ல, நீர். தோலின் உயிரணு பெரும்பகுதி நீர்தான் என்பதால் பட்ட இடம் ஆவியாகிவிடும். ஒன்றிரண்டு வாரம் முகம் திறந்த புண்ணாக இருக்கும். சிவப்பு மாறப் பல மாதம். அதற்குப் பிறகு சுருக்கம் குறைந்த புதிய தோல். கடற்கரையில் படுத்து வெயில் காய்ந்த தலைமுறையின் ஐம்பது வயது வெள்ளைத் தோலுக்கு அது அளந்து செய்தது. அந்தத் தோலில் வெயில் சீக்கிரம் சுருக்கம் போடும். நம் தோலில் மெலனின் குடைபோல் நிற்பதால் சுருக்கம் தாமதமாக வரும். முதலில் வருவது கருமையும் திட்டும். ஆக, நம் சிக்கல் வேறு, அந்த இயந்திரம் விடைசொன்ன சிக்கல் வேறு.

நீரைத்தானே பிடிக்கிறது, நிறத்தைப் பார்ப்பதில்லையே, பிறகு ஏன் என் கன்னம் கறுத்தது? இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று. பழுப்புத் தோலின் நிறமி அணுக்கள் எந்தக் காயத்துக்கும் நிறத்தால் பதில் சொல்கிறவை. கொசு கடித்தாலும் பரு உடைந்தாலும் எண்ணெய் தெறித்தாலும் நம் கையில் கறுப்புத் தழும்பு நிற்கிறதே, அதேதான். லேசர் என்பது அளந்து போட்ட தீக்காயம். மங்கு இருக்கும் கன்னத்தில் அந்த அணுக்கள் ஏற்கெனவே கிளர்ந்த நிலையில் இருக்கின்றன. அங்கே தீக்காயம் போட்டார்கள். தோல் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. 'சென்சிடிவ்' என்பது இதற்குப் பெயர் அல்ல.

முழு முகத்தைச் சீவும் முறையில் சிலருக்கு நிறமே திரும்பாமல் வெளிறிப்போனது. அதனால் மாற்று தேடினார்கள். எர்பியம் யாக் (2,940 நானோமீட்டர்) நீரில் கார்பன் டை ஆக்சைடைவிடப் பத்து மடங்குக்கு மேல் பிடிபடும். அதனால் மேலாகச் சீவும், சூடு குறைவாக மிஞ்சும். 2004இல் ஆண்டர்சனின் குழுவினர் இன்னொன்று சொன்னார்கள்: முகம் முழுவதையும் சுட வேண்டாம், ஊசிமுனைத் தூண்களாகச் சுட்டு நடுநடுவே நல்ல தோலை விட்டுவைத்தால் அது சீக்கிரம் ஆற்றிக்கொள்ளும். அதுதான் ஃபிராக்ஷனல். என் கன்னத்தில் விழுந்த கோலப் புள்ளிகளின் பிறப்பிடம். நல்ல கண்டுபிடிப்புதான்; பரு குழி விழுந்த கன்னங்களுக்கு இதுவரை வந்தவற்றில் உருப்படியானவற்றில் ஒன்று. நாற்று நடுகிறமாதிரி, புள்ளிகளை எவ்வளவு நெருக்கமாக நடுவது என்பதில் இருக்கிறது விஷயம். பழுப்புத் தோலுக்கு இடைவெளி விட்டு நட வேண்டும், அமர்வுகளுக்கு இடையிலும் இடைவெளி விட வேண்டும். ஆறு அமர்வுத் தொகுப்பை அவசரமாக முடிக்கும் கடைக்கு அந்தப் பொறுமை கிடையாது.

மாணவிக்கு அன்றிரவு போன் செய்தேன். "உனக்கு எதைச் சரிபண்ணணும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "கன்னத்துல குழி மேம். அப்புறம் நெத்தி ஓரமா லேசா மங்கு. அப்புறம்…" என்று நிறுத்தினாள். "அப்புறம் கலர். அவங்க அம்மா, போட்டோவைவிட நேர்ல கம்மியா இருக்கான்னு சொன்னாங்களாம்."

மூன்று வேறு விஷயங்கள். பட்டியல் மூன்றையும் ஒரே மணப்பெண் படத்தின் கீழே போட்டிருந்தது.

குழிக்குப் பட்டியலின் முதல் இரண்டு வரிகளில் பதில் இருக்கிறது, ஆனால் ஏழு வாரத்தில் இல்லை. குழி நிரம்புவது தோல் தானாகப் புதிய நாரை நெய்வதால். அதற்கு மாதங்கள் ஆகும். அதோடு, சித்திரை வெயிலை முன்னால் வைத்துக்கொண்டு யாரும் அதை ஆரம்பிக்கக் கூடாது. கறுத்தால் சரியாக முகூர்த்தத்தன்று கறுக்கும்.

மங்குக்கு லேசர் முதல் வைத்தியமே அல்ல. வெயில்தான் அதன் பெட்ரோல். கண்ணுக்குத் தெரிகிற ஒளிகூடப் பழுப்புத் தோலில் அதைத் தூண்டும். அதனால் இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறமுள்ள சன்ஸ்கிரீன் உதவும். பட்டியலின் மூன்றாவது வரியான என்.டி. யாக்கின் 1064 நானோமீட்டரை மெலனின் குறைவாகவே பிடிக்கும். அதனால் பழுப்புத் தோலுக்கு மற்ற நிறமி லேசர்களைவிடப் பயம் குறைவு. குறைந்த சக்தியில் வாராவாரம் அதைப் பாய்ச்சும் 'டோனிங்' கிழக்காசியாவில் பரவி இங்கே வந்தது. செய்யும்வரை குறைகிறது, நிறுத்தினால் பலருக்குத் திரும்புகிறது, அளவு மீறினால் அரிசி தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் விழுகின்றன. கடைசி வரியான ஐ.பி.எல். லேசரே அல்ல. பல அலைநீளங்கள் கலந்த பளிச் விளக்கு. மெலனின் அதை ஆசையாகப் பிடிக்கும். விலை குறைவு என்பதாலேயே பார்லர்வரை வந்துவிட்டது. நம் நிறத்துக்கு ஐந்திலும் அதிகம் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

மங்குக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்றின் கதையை அவளிடம் சொன்னேன், ஏனென்றால் இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம் அது ஒன்றுதான். டிரானெக்ஸாமிக் அமிலம். இரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானில் உதாகோ ஒகமோட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் அவர் கணவரும் கண்டுபிடித்தது. பிரசவத்தில் இரத்தம் போய்ச் சாகும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது ஒகமோட்டோவின் நோக்கம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் மகளை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ததாக அவர் சொல்லியிருக்கிறார். பிரசவத்தில் அது உயிர் காக்கும் என்று உலகளாவிய பெரிய ஆய்வு 2017இல் நிறுவியது. அவர் அதற்கு முந்தைய வருடம் இறந்துபோயிருந்தார். அந்த மருந்து மங்கைக் குறைப்பதும் ஜப்பானில்தான் முதலில் கவனிக்கப்பட்டது. (இரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்கள் தொடக் கூடாது, மருத்துவரைக் கேட்காமல் யாருமே தொடக் கூடாது.) பிரசவம் தந்த மங்கும் பிரசவத்துக்கான மருந்தும் இப்படி ஒரு இடத்தில் வந்து சேர்கின்றன.

மூன்றாவது விஷயத்துக்கு வந்தோம். "கலருக்கு இந்த லிஸ்ட்ல ஒண்ணும் கிடையாதுமா. அது வியாதி இல்லை" என்றேன். "தெரியும் மேம். நீங்கதான் மாமை நடத்தினீங்களே" என்றாள்.

நடத்தியிருக்கிறேன். சங்கக் கவிதைகளில் பெண்ணின் அழகு நிறம் மாமை, மாந்தளிரின் நிறம். அது போய் உடல் வெளிறுவது பசலை. அது நோய்போல், இழப்புபோல் பேசப்படுகிறது. தோலில் தோன்றும் புள்ளிகளுக்குக்கூடச் சுணங்கு என்றும் திதலை என்றும் பெயர் வைத்து வேங்கைப் பூவோடு ஒப்பிட்டார்கள். இதையெல்லாம் வகுப்பில் பெருமையாகச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் இன்னொன்றும் சொல்வேன்: அந்த மாமையும் தலைவன் வந்தால் நிற்பது, போனால் போவது. நிறம் அங்கேயும் அவளுடையதாக இல்லை. வெள்ளையை விரும்பும் மாமியாருக்கு மாமையை விரும்பும் புலவர் மாற்று என்று நான் நம்பவில்லை. இளமையை மீட்டுத் தருகிறோம் என்கிற பட்டியலுக்கு எதிரே எனக்கு நினைவு வருவது வேறு இருவர். பெண் கேட்டு வந்தவர்களிடமிருந்து தப்ப, முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்டதாகச் சொல்லப்படும் ஔவை. உடலின் வனப்பை உதறிப் பேயுருவைக் கேட்டு வாங்கியதாகச் சேக்கிழார் சொல்லும் காரைக்கால் அம்மை. இதை அவளிடம் சொன்னேனா? இல்லை. ஏழு வாரத்தில் கல்யாணம் இருக்கிறவளிடம் சொல்கிற கதையா அது.

அதற்குப் பதிலாக நாலு கேள்விகளை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன், அந்த நிலையத்தில் போய்க் கேட்கச் சொல்லி. இயந்திரத்தைக் கையில் பிடிக்கப்போகிறவர் தோல் மருத்துவம் படித்தவரா, அவர் பதிவு எண் என்ன. என் தோல் எந்த எண், அதை எப்படி முடிவு செய்தீர்கள். என் நிறத்தில் இதற்குமுன் செய்தவர்களில் கறுத்தவர்கள் உண்டா, கறுத்தால் என்ன செய்வீர்கள், அதற்கும் காசு வாங்குவீர்களா. முதலில் ஓரமாக ஒரு சின்ன இடத்தில் செய்து பார்த்து ஒரு மாதம் கழித்து மிச்சத்தைச் செய்வீர்களா.

கேட்டிருக்கிறாள். முதல் கேள்விக்கு, டாக்டர் வாரத்தில் ஒரு நாள் வருவார் என்று பதில் வந்ததாம். நான்காவது கேள்விக்கு வரவேற்பில் இருந்த பெண் சிரித்துவிட்டாளாம். "ஏழு வாரம்தானே மேம் இருக்கு, டெஸ்ட் பண்ணிட்டு உட்கார்ந்திருக்க முடியுமா" என்று. இவள் வெளியே வந்து பஸ் ஏறி அரசு மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவுக்குப் போனாள். காலை ஏழரைக்கே வரிசை. பதினொன்றரைக்குப் பார்த்த மருத்துவ அம்மா, டார்ச் அடித்துக் கன்னத்தை இழுத்துப் பார்த்து, "என்னெல்லாம் பூசியிருக்க?" என்று முதலில் கேட்டாராம். பருவுக்கு ஒரு ஜெல், ஒரு சன்ஸ்கிரீன், நெற்றிக்கு ஒரு களிம்பு எட்டு வாரத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்து, "குழியை ஆடிக்குப் பிறகு பார்ப்போம், இப்போ போய்க் கல்யாணம் பண்ணு" என்றிருக்கிறார்.

கல்யாணத்துக்குப் போனேன். மேடை விளக்கில் அவள் கன்னத்துக் குழி தெரிந்தது. மேக்கப் போட்ட பெண் நெற்றிக்கு இரண்டு ஷேடு கூட்டியிருந்தாள். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் இருந்தவர்கள் நகையைப் பற்றிப் பேசினார்கள், பிறகு ரசத்தைப் பற்றி.

புரட்டாசியில் ஒரு படம் அனுப்பினாள். இடது காதுக்கு முன்னால், முடியை ஒதுக்கினால் மட்டும் தெரிகிற இடத்தில், ஒரு ரூபாய் அளவுக்குப் புள்ளி வரிசை. சோதனைக்காகச் செய்தது. "இன்னைக்கு அஞ்சாவது நாள் மேம். ஆறு வாரம் பார்த்துட்டுத்தான் மிச்சம்னு சொல்லியிருக்காங்க. கறுக்கலை, இதுவரைக்கும்."